ராஜா நடுவில் நிற்கும்போது படையெடுக்கலாமா? கோட்டை கட்டுவதற்கு முன் காய்களை அனுப்புவது பற்றிப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் ஆடிய முதல் செஸ் போட்டி ஆட்டம் ஏழே நகர்த்தல்களில் முடிந்துபோனது. நகர்த்தல்களை எழுதிய தாளைக் கொடுக்கப் போனபோது நடுவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, மீதி ஆட்டத்தை எழுதவில்லையா?" என்று கேட்டார். மீதி என்று ஒன்று இருந்தால்தானே எழுத முடியும்? அன்று நான் ஒரு காயைக்கூடக் கவனக்குறைவாக விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு சிப்பாயை வெட்டினேன், பிறகு இன்னொன்றை வெட்டினேன், எதிராளியின் ராணியையும் யானையையும் ஒரே குதிரையால் தாக்கினேன், அதற்கு அடுத்தடுத்த நகர்த்தல்களில் என் ராஜா பிறந்த கட்டத்தை விட்டு அசையாமலேயே மேட் ஆனது. கோட்டை கட்டுவதற்கு முன் காய்களை எல்லை தாண்டி அனுப்பினால் என்ன நேரும் என்பதை அந்த ஆட்டத்தைவிடச் சுருக்கமாகக் காட்ட எனக்கு வேறு உதாரணம் இல்லை என்பதால், வெட்கப்படாமல் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன் எழுத்துமுறையைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளையின் இடது ஓரத்திலிருந்து நெடுவரிசைகளை ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, ஹெச் என்றும், வெள்ளையின் பக்கத்திலிருந்து கிடைவரிசைகளை 1 முதல் 8 வரையிலும் குறிக்கிறேன். காயின் பெயர் இல்லாமல் கட்டம் மட்டும் இருந்தால் அது சிப்பாயின் நகர்த்தல். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் முதலில் வருவது வெள்ளை, அடுத்து வருவது கறுப்பு. எண்ணுக்குப் பின் மூன்று புள்ளிகள் இருந்தால் அது கறுப்பின் நகர்த்தல். சில வீடுகளில் மந்திரி என்று சொல்லப்படும் காயை, போட்டிக் கூடங்களில் வழங்குகிறபடி பிஷப் என்றே எழுதுகிறேன். அங்கே காஸ்லிங் எனப்படுவதுதான் இங்கே கோட்டை கட்டுதல். பலகையை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நகர்த்தலையும் கையால் ஆடிப் பார்த்தபடி படித்தால் மட்டுமே இந்தக் கட்டுரையால் பயன் உண்டு.

ஆட்டம் இப்படிப் போயிற்று. 1. இ4, இ5. 2. குதிரை எஃப்3, குதிரை சி6. 3. பிஷப் சி4, குதிரை டி4. கறுப்பு தன் குதிரையை இரண்டாவது முறையாக நகர்த்தி, இ5 சிப்பாயைக் காவலில்லாமல் விட்டுவிட்டது. எனக்கு ஒரே மகிழ்ச்சி. 4. குதிரை இ5-இல் சிப்பாயை வெட்டியது. கறுப்பு ராணி ஜி5-க்கு வந்து என் குதிரையையும் ஜி2 சிப்பாயையும் ஒருசேரத் தாக்கியது. 5. குதிரை எஃப்7-இல் சிப்பாயை வெட்டி ராணியையும் ஹெச்8 யானையையும் தாக்கியது. கறுப்பு ராணியோ ஜி2-இல் சிப்பாயை வெட்டிக்கொண்டு என் ஹெச்1 யானையைப் பார்த்து நின்றது. 6. யானை எஃப்1, ராணி இ4-இல் சிப்பாயை வெட்டிச் செக். 7. பிஷப் இ2, குதிரை எஃப்3, மேட். என் இ2 பிஷப் அந்தக் குதிரையை வெட்டலாமே என்று தோன்றும். அந்த பிஷப் நகர்ந்தால் இ4-இல் இருக்கும் ராணியின் பார்வை நேராக ராஜாவின் மேல் விழும் என்பதால் அதற்கு அசைய உரிமையில்லை. ராஜாவைச் சுற்றி டி1-இல் என் ராணி, எஃப்1-இல் என் யானை, டி2, எஃப்2 இரண்டிலும் என் சிப்பாய்கள். சொந்தக் காய்களே சிறைச்சுவர் ஆகிவிட்டன. பிளாக்பர்ன் ஷில்லிங் என்று பெயர் பெற்ற பழைய பொறி இது.

இப்போது ஏழு நகர்த்தல்களை எண்ணிப் பாருங்கள். அவற்றில் மூன்று ஒரே குதிரைக்கும், இரண்டு பிஷப்புக்கும் போயின. ராணிப் பக்கத்துக் குதிரையும் பிஷப்பும் யானையும் தொடப்படவே இல்லை. எஃப்1, ஜி1 கட்டங்கள் காலியாக இருந்ததால், நான்காவது நகர்த்தலில் நான் கோட்டை கட்டியிருக்கலாம். அல்லது குதிரையால் டி4-இல் இருந்த குதிரையை வெட்டி, கறுப்புச் சிப்பாய் திருப்பி வெட்டிய பிறகு ஐந்தாவது நகர்த்தலில் கட்டியிருக்கலாம். அப்போது கறுப்புக்கு வெளியே வந்த காய் ஒன்றுகூட இருக்காது, என் ராஜாவோ ஜி1-இல் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். உண்மையில் அந்த ஆட்டத்தில் முதலில் அவசரப்பட்டது கறுப்புதான். அவருடைய மூன்றாவது நகர்த்தல் நல்ல நகர்த்தலே இல்லை. அவருடைய அவசரத்துக்கு என் அவசரத்தால் பதில் சொன்னேன், என் ராஜா நடுவில் நின்றதால் விலை எனக்கு ஏறிவிட்டது.

முதல் படி: விதியை ஐயமில்லாமல் தெரிந்துகொள்ளுங்கள்

வீட்டில் தாத்தாவிடமோ மாமாவிடமோ ஆட்டம் கற்றுக்கொண்டவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய நாட்டு முறையில் கோட்டை கட்டுதல் கிடையாது. அதற்குப் பதிலாக ராஜா ஆட்டத்தில் ஒருமுறை குதிரைபோலத் தாவலாம் என்று ஆடுவார்கள். போட்டிகளில் அது செல்லாது. இன்றைய விதிப்படி ராஜா யானையை நோக்கி இரண்டு கட்டம் நகர, அந்த யானை ராஜாவைத் தாண்டி அடுத்த கட்டத்தில் வந்து நிற்கிறது. ராஜாவும் அந்த யானையும் அதுவரை நகர்ந்திருக்கக் கூடாது. இடையில் எந்தக் காயும் இருக்கக் கூடாது. ராஜா அப்போது செக்கில் இருக்கக் கூடாது. அது கடக்கும் கட்டமும் சேரும் கட்டமும் எதிரியின் தாக்குதலில் இருக்கக் கூடாது. யானை தாக்கப்பட்டிருந்தாலும் கட்டலாம் என்பதும், ராணிப் பக்கம் கட்டும்போது வெள்ளைக்கு பி1 கட்டம் தாக்கப்பட்டிருந்தாலும் தடையில்லை என்பதும் பலருக்குத் தெரியாது.

போட்டிக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டும். ஒரே கையால், முதலில் ராஜாவைத் தொட்டு நகர்த்த வேண்டும். முதலில் யானையைத் தொட்டால், உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி அந்த முறை அந்தப் பக்கம் கோட்டை கட்ட முடியாது, யானையைத்தான் நகர்த்த வேண்டியிருக்கும்.

செக்கில் இருக்கும்போது கட்ட முடியாது என்ற விதிதான் நமது பொருளுக்கு முக்கியம். "ஆபத்து வந்தால் கட்டிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்கள், ஆபத்து வந்த அந்தக் கணத்தில் கதவு பூட்டியிருப்பதைக் காண்கிறார்கள். ஒருமுறை ராஜாவை அசைத்துச் செக்கைத் தவிர்த்துவிட்டால், அந்த உரிமை ஆட்டம் முழுவதற்கும் போய்விடுகிறது.

இரண்டாம் படி: கோட்டைக்கு இன்னும் எத்தனை நகர்த்தல் என்று எண்ணுங்கள்

ராஜாவின் பக்கம் கோட்டை கட்டக் குறைந்தது நான்கு நகர்த்தல்கள் வேண்டும்: ஒரு சிப்பாய், குதிரை, பிஷப், பிறகு கோட்டை. ராணிப் பக்கம் என்றால் ராணியும் வழிவிட வேண்டியிருப்பதால் ஐந்து. தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும் உங்கள் நகர்த்தலுக்கு முன், "இன்னும் எத்தனை பாக்கி?" என்று மனத்துக்குள் கேளுங்கள். நீங்கள் ஆட நினைக்கும் நகர்த்தல் அந்த எண்ணிக்கையைக் குறைக்கிறதா, அப்படியே வைக்கிறதா, அல்லது கூட்டுகிறதா? குறைத்தால் பெரும்பாலும் நல்லது. அப்படியே வைத்தால் அதற்குத் தகுந்த காரணம் இருக்க வேண்டும். கூட்டினால், அதாவது குதிரைக்குரிய கட்டத்தில் ராணியை வைப்பது, பிஷப்பின் வழியில் ராணியை நிறுத்துவது போன்ற நகர்த்தலானால், கையை மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு முறை யோசிக்க வேண்டும்.

மூன்றாம் படி: எல்லை தாண்டும் காயை யார் விரட்டுவார்கள் என்று பாருங்கள்

பலகையின் நடுக்கோட்டைத் தாண்டும் காய் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி உண்டு: எதிராளி ஆடவிருந்த ஒரு நல்ல நகர்த்தலே இந்தக் காயை விரட்டிவிடுமா? விரட்டும் என்றால் அவருக்கு ஒரு நகர்த்தல் இலவசமாகக் கிடைக்கிறது. அவர் எப்படியும் ஆடியிருப்பார். இப்போது அதையே ஆடி உங்களையும் ஓட வைக்கிறார். அவசரப் படையெடுப்பில் காய் பறிபோவது அரிதாகத்தான் நடக்கிறது, எதிராளியின் காய்களை நாமே அழைத்து வந்து வாசலில் நிறுத்திவைப்பதோ ஒவ்வொரு தடவையும் நடக்கிறது.

இதற்கு ராணியின் பாய்ச்சலே தெளிவான சான்று. 1. இ4, இ5. 2. ராணி ஹெச்5. புதியவர்கள் அனைவரும் ஒரு பருவத்தில் இதை ஆடுகிறார்கள், ஏனென்றால் எதிராளி கவனிக்காவிட்டால் நான்காவது நகர்த்தலில் எஃப்7-இல் மேட். கவனித்தால் நடப்பதைப் பாருங்கள். குதிரை சி6 இ5 சிப்பாயைக் காக்கிறது. 3. பிஷப் சி4 மேட் மிரட்டல். ஜி6 அதைத் தடுத்து ராணியையும் தாக்குகிறது. 4. ராணி எஃப்3 மறுபடி எஃப்7 மீது குறி. குதிரை எஃப்6 அதை மூடுகிறது. இப்போது ஆட்டத்தை நிறுத்திக் கணக்கெடுங்கள். கறுப்பின் குதிரைகள் இரண்டும் தமக்குரிய சிறந்த கட்டங்களில் நிற்கின்றன, பிஷப் ஜி7-க்கு வந்தால் அடுத்த நகர்த்தலில் கோட்டை. வெள்ளையின் ராணி இரண்டு முறை நகர்ந்து, ஜி1 குதிரைக்கு உரிய எஃப்3 கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. குதிரை இப்போது இ2-க்குப் போக வேண்டும், இல்லையேல் ஹெச்3 ஓரத்துக்கு. வெள்ளை பிடிவாதமாக 5. ராணி பி3 என்று ஆடி மூன்றாவது முறையாக எஃப்7-ஐக் குறிவைத்தால், குதிரை டி4 வந்து ராணியைத் தாக்குகிறது. 6. பிஷப் எஃப்7-இல் சிப்பாயை வெட்டிச் செக், ராஜா இ7. 7. ராணி சி4 பிஷப்பைக் காக்கிறது. பி5 சிப்பாய் ராணியைத் தாக்குகிறது. ராணி விலகினால் பிஷப் போகிறது. கறுப்பு ராஜாவும் கோட்டை உரிமையை இழந்துவிட்டது உண்மைதான், ஆனால் அதைத் துரத்த வெள்ளையிடம் வெளியே வந்த வேறு காயே இல்லை.

இந்த 2. ராணி ஹெச்5-ஐ 2005-இல் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஹிகாரு நகமுரா உயர்நிலைப் போட்டி ஒன்றில் சென்னையின் கிருஷ்ணன் சசிகிரணுக்கு எதிராக ஆடினார். கறுப்பில் ஆடிய சசிகிரண் வென்றார். அது நீண்ட ஆட்டம், தோல்விக்கு இரண்டாவது நகர்த்தலை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. நகமுரா அந்த நகர்த்தலை மேட் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஆடவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

குதிரையின் பாய்ச்சலுக்கு வேறொரு சோதனை வேண்டும். 1. இ4, இ5. 2. குதிரை எஃப்3, குதிரை சி6. 3. பிஷப் சி4. இங்கே கறுப்பு 3... பிஷப் சி5 என்று ஆடியிருந்தால், 4. குதிரை ஜி5 என்ற நகர்த்தல் வெறும் தானம்: டி8-இல் இருக்கும் ராணி இ7, எஃப்6 வழியாக வந்து குதிரையை வெட்டிக்கொண்டு போகும். கறுப்பு 3... குதிரை எஃப்6 என்று ஆடியிருந்தால் அதே 4. குதிரை ஜி5 உண்மையான மிரட்டல், ஏனென்றால் ராணியின் வழியை எஃப்6 குதிரையே மறைக்கிறது. ஒரே நகர்த்தல், எதிராளியின் ஒரு காய் இடம் மாறியதால் ஒன்றில் முட்டாள்தனம், மற்றொன்றில் நூற்றாண்டுகளாக ஆடப்படும் தாக்குதல். இணையத்தில் பார்த்த தாக்குதலை மனப்பாடமாக ஆடுகிறவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

நான்காம் படி: இ வரிசை திறக்கிறதா என்று பாருங்கள்

நடுவில் நிற்கும் ராஜாவுக்கு முதல் எதிரி திறந்த இ வரிசை. 1. இ4, இ5. 2. குதிரை எஃப்3, குதிரை எஃப்6. 3. குதிரை இ5-இல் சிப்பாயை வெட்டுகிறது. கறுப்பு அதையே பார்த்து எழுதுவதுபோலக் குதிரையால் இ4-இல் வெட்டினால், 4. ராணி இ2. தாக்கப்பட்ட குதிரை பதறி எஃப்6-க்குத் திரும்பினால், 5. குதிரை சி6. இ5-இலிருந்து குதிரை விலகியதும் ராணியின் செக் திறக்கிறது, சி6 குதிரை டி8 ராணியைத் தாக்குகிறது; ஐந்து நகர்த்தலில் ராணி போயிற்று. மூன்றாவது நகர்த்தலில் முதலில் டி6 ஆடி வெள்ளைக் குதிரையை விரட்டிவிட்டுப் பிறகு இ4-ஐ வெட்டியிருந்தால் எந்தத் தொல்லையும் இல்லை. இங்கே வெள்ளை ராணி நான்காவது நகர்த்தலிலேயே வெளியே வந்தது, ஆனால் ஓரடிதான் வைத்தது, அதை விரட்ட யாருமில்லை, எதிரே ராஜா இருந்தது. சீக்கிரம் வெளியே வருவது எப்போது சரி என்பதற்கும் இதுவே உதாரணம்.

ஐந்தாம் படி: கட்டிப்போடும் பிஷப்பை நம்பிவிடாதீர்கள்

எதிராளியின் எஃப்3 குதிரையை ஜி4-இலிருந்து பிஷப்பால் ராணியோடு கட்டிப்போடுவது, அதாவது குதிரை நகர்ந்தால் பின்னால் நிற்கும் ராணி பறிபோகும்படி செய்வது, பார்ப்பதற்கு நாகரிகமான நகர்த்தல்; ராணிப் பாய்ச்சலைப் போல முரட்டுத்தனம் தெரியாது. 1858-இல் பாரிஸ் ஓபரா அரங்கில் பால் மோர்ஃபிக்கு எதிராக பிரன்ஸ்விக் பிரபுவும் இசுவார் பிரபுவும் கலந்தாலோசித்து ஆடிய ஆட்டம் இப்படித்தான் தொடங்கியது. 1. இ4, இ5. 2. குதிரை எஃப்3, டி6. 3. டி4, பிஷப் ஜி4. 4. வெள்ளைச் சிப்பாய் இ5-ஐ வெட்டுகிறது. கறுப்புச் சிப்பாய் உடனே திருப்பி வெட்டினால் ராணிகள் டி8-இல் மாறிக்கொள்ள, ராஜா ராணியை வெட்டி உரிமையை இழந்து, கட்டவிழ்ந்த குதிரை இ5 சிப்பாயையும் எடுத்துக்கொள்ளும். ஆகவே கறுப்பு வேறு வழியில்லாமல் பிஷப்பால் எஃப்3 குதிரையை வெட்டியது. 5. ராணி திருப்பி வெட்டியது. இரண்டு நகர்த்தல் செலவழித்த பிஷப் பலகையில் இல்லை. வெள்ளை ராணி செலவில்லாமல் வெளியே வந்துவிட்டது. இவ்வளவும் ஐந்தாவது நகர்த்தலுக்குள்.

அதன் பிறகு 5... சிப்பாய் இ5-ஐ வெட்ட, 6. பிஷப் சி4, குதிரை எஃப்6. 7. ராணி பி3 எஃப்7, பி7 இரண்டையும் தாக்கியது, கறுப்பு 7... ராணி இ7 என்று ஆடி எஃப்7-ஐக் காத்தது. அந்தக் காவல் தன் எஃப்8 பிஷப்பின் வழியை அடைத்ததால், ராஜாவின் பக்கம் கோட்டை கட்டும் வாய்ப்பு அப்போதே தொலைந்தது. புதியவர்கள் மோர்ஃபியின் எட்டாவது நகர்த்தலில் சற்று நின்று பார்க்க வேண்டும். பி7 சிப்பாய் இலவசமாகக் கிடந்தது. அவர் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கறுப்பு ராணி பி4-இல் செக் வைத்து ராணிகளை மாற்றிக்கொண்டு தப்பியிருக்கும். அவர் குதிரையைச் சி3-க்குக் கொண்டுவந்தார், ஒன்பதாவதில் பிஷப்பை ஜி5-க்குக் கொண்டுவந்தார், பத்தாவதில் குதிரையைப் பலியிட்டுத் தாக்குதலைத் திறந்தார், பன்னிரண்டாவதில் ராணிப் பக்கம் கோட்டை கட்டினார். அந்தக் கோட்டை ராஜாவுக்குப் பாதுகாப்பாக அமைந்ததோடு, யானையை ஒரே நகர்த்தலில் டி1-க்குக் கொண்டுவந்து, டி7-இல் கட்டுண்டு கிடந்த கறுப்புக் குதிரையின் மேல் நேராக நிறுத்தியது. பதினேழாவது நகர்த்தலில் மேட் விழுந்தபோது கறுப்பின் எஃப்8 பிஷப்பும் ஹெச்8 யானையும் ஆட்டம் தொடங்கிய கட்டங்களிலேயே இருந்தன.

ஆறாம் படி: ஓரத்துச் சிப்பாய்க்காக ராணியை அனுப்பாதீர்கள்

பி2, பி7 கட்டங்களில் காவலில்லாமல் நிற்கும் சிப்பாய் ராணிகளுக்கு வைத்த வலை. உலக சாம்பியன் பட்டத்துக்காக ரெய்க்யவிக்கில் 1972-இல் நடந்த தொடரின் 11ஆவது ஆட்டத்தில், பாபி ஃபிஷர் கறுப்பில் ஆடி எட்டாவது நகர்த்தலில் ராணியால் பி2 சிப்பாயை வெட்டினார். போரிஸ் ஸ்பாஸ்கி பதினான்காவதில் தன் சி3 குதிரையைப் பிறந்த கட்டமான பி1-க்கே திருப்பி அனுப்பி ராணியின் வழிகளைச் சுருக்கினார். பத்து நகர்த்தல் கழித்து ராணிக்குப் போக இடமில்லை. ஃபிஷர் கடைசிவரை கோட்டை கட்டவே இல்லை. தொடரை அவர்தான் வென்றார் என்பதும், அந்த வகை ஆட்டத்தை ஆழமாகப் படித்துவைத்தே ஆடினார் என்பதும் உண்மை. அவருக்கே அப்படி என்றால், படிக்காமல் எடுக்கிற நமக்கு எப்படி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஏழாம் படி: தாக்குதல் நடுவிலும் கோட்டை கட்டத் தயங்காதீர்கள்

"ஒரே காயைத் திரும்பத் திரும்ப நகர்த்தாதே" என்பது நல்ல விதி, மீற முடியாத விதி அன்று. நியூயார்க்கில் 1997 மே 11 அன்று கேரி காஸ்பரோவுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் டீப் புளூ கணினி ஒரே குதிரையைச் சி3, இ4, ஜி5, இ6 என்று நான்கு முறை நகர்த்தியது; நான்காவது முறை அது பலியிடும் பாய்ச்சல். காஸ்பரோவ் ராணியை இ7-க்குக் கொண்டுவந்தார். குதிரையை எஃப்7 சிப்பாய் எந்நேரமும் வெட்டலாம் என்ற நிலையில், கணினி ஒன்பதாவது நகர்த்தலில் அமைதியாகக் கோட்டை கட்டியது. குதிரை போயிற்று, உடனே பிஷப் ஜி6-இல் செக் வைக்க, காஸ்பரோவின் ராஜா டி8-க்கு நகர்ந்து கோட்டை உரிமையை இழந்தது. கோட்டை கட்டியதால் எஃப்1-க்கு வந்த யானை பதின்மூன்றாவது நகர்த்தலில் இ1-க்கு நகர்ந்தது, பதினெட்டாவதில் இ7-இல் ராணியை வெட்டியது. பத்தொன்பதாவதில் காஸ்பரோவ் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

முன்பு பார்த்த ஜி5 குதிரையும் இதே வகை. 3... குதிரை எஃப்6-க்குப் பின் 4. குதிரை ஜி5, டி5. 5. சிப்பாய் டி5-ஐ வெட்டுகிறது. கறுப்பு எஃப்6 குதிரையால் திருப்பி வெட்டினால் 6. குதிரை எஃப்7-இல் பலி, ராஜா வெட்டுகிறது. 7. ராணி எஃப்3 செக். டி5 குதிரையைக் காக்க ராஜா இ6-க்கு நடந்து வர வேண்டியிருக்கிறது. 8. குதிரை சி3 நான்காவது காயாகச் சேர்ந்துகொள்கிறது. ஆகவே கோட்டைக்கு முன் பாயலாமா என்று ஐயம் வரும்போது இரண்டை மட்டும் பாருங்கள்: எதிராளியின் ராஜா உண்மையிலேயே திறந்த வெளிக்கு வருகிறதா, உங்கள் பாய்ச்சலுக்குப் பின்னால் இன்னும் இரண்டு காய்கள் உடனே சேர முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் பாயுங்கள். கறுப்பில் ஆடுகிறவர்கள் ஐந்தாவதில் திருப்பி வெட்டாமல் குதிரையை ஏ5-க்கு நகர்த்தி சி4 பிஷப்பைத் தாக்கினால் இந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்கலாம்.

எட்டாம் படி: எதிராளி அவசரப்பட்டால் நீங்கள் அவசரப்படாதீர்கள்

தன்னந்தனியாக வந்த ராணியைப் பிடித்துவிட வேண்டும் என்ற ஆசை பொல்லாதது. ஹெச்5-இல் வந்து நிற்கும் ராணியை விரட்ட ஜி6, ஹெச்6, ஜி5 என்று சிப்பாய்களை மட்டும் தள்ளுகிறவர்கள், ராணியை விரட்டிய கையோடு தம் கோட்டையின் சுவரையும் இடித்துவிடுகிறார்கள். சரியான முறை, நீங்கள் எப்படியும் ஆடவிருந்த நகர்த்தல்களில் எது அந்தக் காயைத் தொடுகிறது என்று தேடுவதே: குதிரை எஃப்6 தொட்டால் அது, சி3 தொட்டால் அது. எதுவுமே தொடவில்லை என்றால், வந்த காயை அங்கேயே நிற்க விட்டுக் கோட்டை கட்டிவிடுங்கள். நான் என் முதல் ஆட்டத்தில் நான்காவது நகர்த்தலில் செய்யத் தவறியது அதைத்தான்.

ஒன்பதாம் படி: கோட்டைக்கும் ஒரு நேரம் உண்டு

இவ்வளவையும் படித்துவிட்டு எந்த ஆட்டத்திலும் கண்ணை மூடிக்கொண்டு நான்காவது நகர்த்தலில் கட்டுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1. இ4, இ5. 2. குதிரை எஃப்3, குதிரை சி6. 3. பிஷப் சி4, பிஷப் சி5. 4. கோட்டை, குதிரை எஃப்6. 5. டி3, டி6. வெள்ளை இதுவரை எதிலும் தவறவில்லை. இப்போது 6. பிஷப் ஜி5 என்று குதிரையைக் கட்டிப்போட்டால், கறுப்பு ஹெச்6 என்று கேட்கிறது, 7. பிஷப் ஹெச்4, ஜி5. 8. பிஷப் ஜி3, ஹெச்5. கறுப்பு ராஜா இன்னும் நடுவில் இருப்பதால், அந்தச் சிப்பாய்கள் அதன் வீட்டுக் கூரையைப் பெயர்த்துக்கொண்டு போகவில்லை. நேராக வெள்ளை ராஜாவின் வீட்டை நோக்கி வருகின்றன, பின்னால் ஹெச்8 யானையும் துணைக்கு நிற்கிறது. கறுப்பு ஏற்கெனவே அந்தப் பக்கம் கோட்டை கட்டியிருந்தால் ஜி5 தள்ள இருமுறை யோசித்திருக்கும். எதிராளி எந்தப் பக்கம் கட்டப்போகிறார் என்று தெரியும்வரை அந்தக் கட்டிப்போடுதலைத் தள்ளிவையுங்கள், 6. சி3 போன்ற அடக்கமான நகர்த்தல் போதும்.

பத்தாம் படி: உங்கள் தாள்களில் எண்ணிப் பாருங்கள்

கடைசியாக ஆடிய பத்து ஆட்டங்களை எடுங்கள். இணையத்தில் ஆடுகிறவர்களுக்குத் தளமே எல்லாவற்றையும் சேமித்து வைத்திருக்கும். ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு, எத்தனையாவது நகர்த்தலில் கோட்டை கட்டினீர்கள், அதற்கு முன் எந்தக் காயை ஒன்றுக்கு மேற்பட்ட முறை நகர்த்தினீர்கள், எதிராளி அதை எந்த நகர்த்தலால் விரட்டினார் என்று குறியுங்கள். கணினியின் மதிப்பீட்டை இந்தக் கணக்கெடுப்பு முடியும்வரை திறக்க வேண்டாம். அது எது சிறந்த நகர்த்தல் என்று சொல்லும், நீங்கள் ஏன் ராணியை எடுத்தீர்கள் என்று சொல்லாது. நான் பதினைந்து வயதில் இப்படி எழுதிய நோட்டு இன்னும் இருக்கிறது. முதல் பக்கத்தில் பத்து ஆட்டங்களுக்கு எதிரே, கோட்டைக்கான பத்தியில் ஆறு இடங்களில் வெறும் கோடு. அந்த ஆறிலும் இரண்டாவது பத்தியில் "ராணி" என்றோ "எஃப் குதிரை" என்றோ எழுதியிருக்கிறது.